ஒரே வீட்டை இருவருக்கு விட்டால்...
குடியிருப்பவரின் உரிமைகள் குறித்துச் சட்டமும் ஷரீஅத்தும்

வளைகுடா நாடுகளில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் சொந்த வீடு கட்டுவதற்கு முன்பாக, நம் குடும்பங்களுள் பல ஓர் இடைப்படியைக் கடந்து வருகின்றன. நான்கு இலட்சம், ஆறு இலட்சம் என்று ஒரு தொகையை வீட்டு உரிமையாளரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டாண்டோ மூன்றாண்டோ குடியிருப்பதே அந்தப் படி. சென்னையில் இதை 'லீஸ்' என்கிறார்கள். தென் மாவட்டங்களில் 'ஒத்தி' என்பார்கள். 'போக்கியம்' என்ற பெயரும் உண்டு. தவணை முடிந்ததும் கொடுத்த தொகை குறையாமல் திரும்ப வந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

இந்தப் பேச்சு முறிவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியது, ஒரே வீட்டை ஒரே காலத்திற்கு இரண்டு பேருக்கு விட்டு, இருவரிடமும் பணம் பெற்றுக்கொள்வது. பால் காய்ச்சிக் குடியேறலாம் என்று சட்டி பானைகளுடன் வண்டியில் வந்து இறங்குகிற குடும்பம், அதே வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருப்பதைக் கண்டு திகைத்து நிற்கிறது. உள்ளே இருப்பவர் தம்மிடமுள்ள பத்திரத்தைக் காட்டுகிறார். வெளியே நிற்பவரும் தம்முடையதைக் காட்டுகிறார். இரண்டிலும் ஒரே கையெழுத்து! கையெழுத்திட்டவரின் தொலைபேசியோ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய நிலையில் யாருக்கு உரிமை? யார் யாரிடம் முறையிடுவது? சற்று விரிவாகவே பார்ப்போம்.

மோசடி நிகழும் வழிகள்

உரிமையாளரே கடனில் மூழ்கி, ஒருவரிடம் வாங்கிய பணம் போதாமல், அவர் குடியேறுவதற்குள் இன்னொருவரிடமும் பணம் பெற்றுவிடுவது ஒரு வகை. குடியிருப்பவர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும்போது, மாற்றுச் சாவியைக் கொண்டு வீட்டைத் திறந்து புதிய ஆளுக்குக் காட்டுவது மற்றொரு வகை.

இவ்விரண்டையும் விடச் சூழ்ச்சி மிக்கது மூன்றாவது வகை. ஒருவர் உண்மையான உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறார். பிறகு தாமே உரிமையாளர் போலவோ, உரிமையாளரின் அதிகாரம் பெற்றவர் போலவோ நடித்து, அவ்வீட்டைப் பெருந்தொகைக்கு வேறு குடும்பத்துக்கு 'லீஸ்' விடுகிறார். சில மாதங்கள் உரிமையாளருக்கு வாடகை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. ஆகவே அவருக்கும் ஐயம் எழுவதில்லை. வாடகை நின்ற பிறகு உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போதுதான், இலட்சங்களைக் கொடுத்தவருக்கு உண்மை தெரியவருகிறது. பெருநகரங்களில் காவல்துறைக்கு வரும் 'லீஸ்' புகார்களில் இம்மாதிரியானவை உண்டு.

நான்காவது வகை நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமானது. தந்தை மறைந்து, பாகப்பிரிவினை செய்யப்படாமல் கிடக்கும் வீடு அது. மூத்த மகன் ஒருவருக்கு விடுகிறார். வெளிநாட்டிலிருக்கும் இளையவர் தம் நண்பர் மூலம் வேறொருவருக்கு விடுகிறார். இருவருக்கும் வீட்டில் பங்கு உண்டு. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு வீட்டையும் விடும் உரிமை எவருக்கும் தனியாக இல்லை. வாரிசுரிமைச் சட்டப்படி சகோதரிகளுக்கும் தாயாருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மேடைகளில் பெருமையுடன் சொல்கிறோம். ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் அவர்களுடைய கையெழுத்தை மறந்துவிடுகிறோம். பிரிக்கப்படாத சொத்தில் ஒரு பங்காளி விட்ட குத்தகை, அவருடைய பங்கின் அளவுக்கே செல்லும். எனவே அத்தகைய வீட்டுக்குப் போகிறவர், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டார்களா, அல்லது பதிவு செய்த அதிகாரப் பத்திரம் வழங்கியிருக்கிறார்களா என்று பார்த்த பின்பே பணத்தை எண்ண வேண்டும்.

வக்ஃபுக்குச் சொந்தமான வீடுகளிலும் கடைகளிலும், பழைய முத்தவல்லி ஒருவருக்கும் புதிய முத்தவல்லி வேறொருவருக்குமாக விட்டுவிடுவது நேர்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாயின் வக்ஃப் வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டம். அவ்வனுமதி இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்பதால், முதலில் வந்தவர், பிறகு வந்தவர் என்ற வாதத்துக்கே அங்கு இடமில்லாமல் போகலாம்.

முந்தியவருக்கே முன்னுரிமை

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 48ஆவது பிரிவு நம் வினாவுக்கு அடிப்படை விடையைத் தருகிறது. ஒரே அசையாச் சொத்தின் மீது ஒருவர் வெவ்வேறு காலங்களில் உரிமைகளை ஏற்படுத்தி, அவை எல்லாம் ஒருங்கே நிலைபெற இயலாமற் போனால், பிந்திய உரிமை முந்திய உரிமைக்குக் கட்டுப்பட்டதாகும். அதாவது, ஜனவரியில் ஒப்பந்தம் செய்தவரின் உரிமை நிற்கும். மார்ச்சில் செய்தவர், முன்னவரின் தவணை முடியும் வரை வீட்டைக் கேட்க முடியாது. உரிமையாளர் தம் கையில் இல்லாத ஒன்றையே இரண்டாமவருக்குக் கொடுத்திருக்கிறார் என்பது இதன் தத்துவம்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் 'முந்தியவர்' என்பதை மெய்ப்பிப்பதற்குள் பலருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. இங்கேதான் பத்திரப் பதிவு குறுக்கிடுகிறது.

ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு விடப்படும் குத்தகை, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செய்யப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் 107ஆவது பிரிவு கூறுகிறது. பதிவைத் தவிர்ப்பதற்காகவே 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் நாட்டில் தோன்றியது. 'லீஸ்' வீடுகளிலோ, மூன்றாண்டுக்கு எழுதிக்கொண்டும் பதிவு செய்யாமல், முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிகளுடன் முடித்துவிடுகிறார்கள். பதிவு செய்ய வேண்டிய ஒரு பத்திரம் பதிவு செய்யப்படாவிட்டால், அதைக் கொண்டு சொத்தின் மீதான உரிமையை நிலைநாட்ட இயலாது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 49ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. போதாக்குறைக்கு, பதிவு செய்யப்பட்ட பத்திரம் பதிவு செய்யப்படாத பத்திரத்தை மிஞ்சி நிற்கும் என்கிறது 50ஆவது பிரிவு.

ஓர் எடுத்துக்காட்டு. முதலாமவர் ஐந்து இலட்சம் கொடுத்து, மூன்றாண்டுக்குப் பதிவில்லாத பத்திரம் எழுதி, குடியும் ஏறிவிட்டார். ஆறு மாதம் கழித்து உரிமையாளர் அதே வீட்டை இரண்டாமவருக்கு மூன்றாண்டுக்குப் பதிவுப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். முதலாமவர் தம் பத்திரத்தைக் காட்டி, "எனக்கு மூன்றாண்டு உரிமை உண்டு" என்று வாதாடினால் அது எடுபடாது. அவருடைய நிலை மாதாமாதக் குடியிருப்பாளரின் நிலையாகச் சுருங்கிவிடக்கூடும்.

ஆனாலும் அவர் கையில் ஒரு பலமான ஆயுதம் இருக்கிறது. அதற்குப் பெயர் சுவாதீனம். ஒரு சொத்தில் எவர் நேரடியாகக் குடியிருக்கிறாரோ, அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது, அச்சொத்தைப் புதிதாகப் பெறுபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். வீட்டில் ஆள் குடியிருக்கக் கண்டும் அவரைக் கேட்காமல் பணம் கொடுத்தவர், "எனக்குத் தெரியாது" என்று பின்னர் சொல்ல முடியாது. மேலும், சுவாதீனம் ஒப்படைக்கப்பட்ட வாய்மொழிக் குத்தகையைப் பதிவுச் சட்டமே முற்றிலும் தள்ளிவிடவில்லை. ஆகவே முதலாமவரை உரிமையாளரும் இரண்டாமவரும் சேர்ந்து வந்து வெளியே தள்ளிவிட முடியாது. நீதிமன்ற ஆணை ஒன்றே அவரை வெளியேற்றும்.

தலைப்பு எதுவானாலும் சாரமே முக்கியம்

பத்திரத்தின் தலைப்பில் 'லீஸ் ஒப்பந்தம்' என்று எழுதிவிட்டால் அது குத்தகை ஆகிவிடாது. வாடகையே இல்லாமல், திருப்பித் தர வேண்டிய பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக வீட்டை அனுபவிக்க விட்டிருந்தால், அது உண்மையில் சுவாதீன அடமானமா என்று நீதிமன்றம் ஆராயும். அடமானமாயின், 100 ரூபாய்க்கும் அதற்கு மேற்பட்ட தொகைக்கும் பதிவு கட்டாயம். முறையாகப் பதிவு செய்துகொண்ட ஒத்திக்காரர், பணம் கைக்கு வரும் வரை வீட்டைத் தம் சுவாதீனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் குத்தகைதாரருக்கு இந்த உறுதி இயல்பாகக் கிடைப்பதில்லை. பதிவுச் செலவை மிச்சப்படுத்துகிறவர்கள் இழப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பை என்று பாருங்கள்.

ஒத்தியைப் பற்றி மார்க்கத்தின் நோக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொடுத்த கடன் குறையாமல் திரும்ப வருவதோடு, அக்கடனுக்காகவே ஒரு வீட்டின் பலனையும் நிபந்தனையாகப் பெறுவது வட்டியைச் சேர்ந்தது என்பது ஆலிம்கள் பெரும்பாலோரின் கருத்து. முன்பணத்தைக் குறைத்து, நியாயமான மாத வாடகை பேசிக்கொள்வது மார்க்கத்திற்கும் பாதுகாப்பானது, பணத்துக்கும் பாதுகாப்பானது. ஆறு இலட்சம் கொடுத்தவர் ஏமாந்தால் ஆறு இலட்சம் போகிறது. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தவருக்கு இழப்பு அந்த அளவோடு நிற்கிறது.

ஷரீஅத் என்ன சொல்கிறது?

ஃபிக்ஹு நூல்களில் வாடகை ஒப்பந்தம் 'இஜாரா' எனப்படும். அது பொருளை விற்பதன்று. பொருளின் பலனைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்பது. வீட்டின் சுவர்களும் கூரையும் உரிமையாளருடையவை. அதில் வசிக்கும் பலன் தவணை முடியும் வரை வாடகைதாரருடையது. தமக்குச் சொந்தமில்லாத பலனை இரண்டாவது முறை விற்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை. ஹனஃபி மத்ஹபின் சட்டங்களைத் தொகுத்து, உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பிலும், முறையான வாடகை ஒப்பந்தத்துக்குப் பின் அதே பொருளை வேறொருவருக்கு விடுவது நடைமுறைக்கு வராது என்ற விதி உண்டு. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் ஏறத்தாழ இதையேதான்.

ஒரு வேறுபாடும் உண்டு. ஒப்பந்தம் செய்தவர்களுள் ஒருவர் இறந்துவிட்டால் இஜாரா முறிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபில் அது தவணை முடியும் வரை தொடரும். நாட்டின் சட்டத்திலும் உரிமையாளரின் மரணத்தால் குத்தகை முடிந்துவிடுவதில்லை. வாரிசுகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். "அப்பா செய்தது எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி, பிள்ளைகள் வேறு ஆளுக்கு விட முடியாது.

எழுதிக்கொள்வதைப் பற்றியும் ஒரு சொல். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தவணைக் கடனை எழுத்தில் பதிந்து சாட்சிகளை அமர்த்திக்கொள்வது பற்றியது. நம்மிலோ, "சொந்தக்காரரிடம் பத்திரம் கேட்டால் மனம் புண்படுமே" என்று கூச்சப்படுகிறவர்களே அதிகம்.

ஏமாற்றப்பட்டவர் செய்ய வேண்டியது

குடியிருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, வீட்டை விட்டு நகராமலிருப்பது. "பணத்தை அடுத்த வாரம் தருகிறேன், இப்போது சாவியைக் கொடுங்கள்" என்ற பேச்சில் மயங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டால் பாதி வழக்கு தோற்றதற்குச் சமம். வெளியேற்றிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையாணை பெறலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டுவிட்டால், 1963ஆம் ஆண்டு தனிக்குறை தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின் கீழ் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். இங்கே உரிமைப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற ஆராய்ச்சி எழாது. சட்டப்படியன்றி வெளியேற்றப்பட்டாரா என்பதே கேள்வி. ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். ஜமாஅத்தில் பேசிப் பார்ப்போம், பெருநாள் கழியட்டும் என்று நாளைக் கடத்துகிறவர்கள் இந்தக் கெடுவை மறந்துவிடக் கூடாது. குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வெளியேற்ற முயல்வது, நகர்ப்புறங்களில் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடத்தக்க குற்றம்.

பணம் கொடுத்தும் இன்னும் குடியேறாதவர், தம் ஒப்பந்தம் முந்தியதாயின் வீட்டையே கேட்கலாம். குத்தகைதாரரிடம் சுவாதீனத்தை ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை. பிந்தியவராயின், வீட்டின் மீது கண் வைக்காமல் பணத்தையும் நட்டஈட்டையும் கேட்பதே விவேகம். பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தால், ஏமாற்றப்பட்டவரே குற்றவாளியாகிவிடுவார். பணத்தைத் திரும்பப் பெறும் வழக்குக்குப் பொதுவான கெடு 3 ஆண்டுகள். பத்திரம் பதிவாகவில்லை என்பதால் பணமே போய்விட்டதென்று மனம் தளர வேண்டாம். சொத்தின் மீதான உரிமைக்கு உதவாத பத்திரம் கிடந்தாலும், வங்கிக் கணக்கின் வழியே பணம் சென்ற சான்றும் உரிமையாளர் கொடுத்த இரசீதும் பணக் கோரிக்கைக்கு உயிர் கொடுக்கும்.

குற்றவியல் பக்கமும் உண்டு. ஏற்கெனவே ஒருவருக்கு விட்டதை மறைத்து மற்றொருவரிடம் பணம் வாங்குவது ஏமாற்றுதல் ஆகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் யாவரும் அறிந்திருந்த 420ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆவது பிரிவாக மாறிவிட்டது. தண்டனை 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும். காவல் நிலையத்தில், "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது வாடிக்கை. பணம் வாங்கும்போதே வஞ்சக எண்ணம் இருந்தது என்பதைப் புகாரில் தேதிவாரியாகக் காட்ட வேண்டும். முதல் ஒப்பந்தத்தின் தேதி, தம்மிடம் பணம் வாங்கிய தேதி, அன்று உரிமையாளர் சொன்ன பொய் ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதினால் மறுப்பது கடினம். புகாருக்கு சி.எஸ்.ஆர். இரசீது கேட்டுப் பெறுங்கள். நடவடிக்கை இல்லையேல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ அனுப்பலாம். அதன் பிறகும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம். முதலாமவரும் இரண்டாமவரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளாமல் சேர்ந்து புகார் கொடுப்பது நல்லது. இருவருடைய பத்திரங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது மோசடி தானாகவே வெளிப்பட்டுவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன்

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளும் வசதி இப்போது இருக்கிறது. ஆனால் அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும்; பதிவாகாத ஒத்தியையோ லீசையோ அது காட்டாது. எனவே சான்று சுத்தமாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு முறையன்று, வெவ்வேறு வேளைகளில் இரண்டு முறையேனும் போக வேண்டும். அடுத்த வீட்டாரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் விசாரிக்க வேண்டும். எந்தத் தரகரும் தராத தகவல் அவர்களிடம் கிடைக்கும். பழைய குடித்தனக்காரர் இன்னும் உள்ளே இருந்தால், அவர் காலி செய்யும் நாளையும், அவருடைய பணம் தீர்க்கப்பட்டதா என்பதையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழையவருக்குத் திருப்பித் தருவதற்காகவே புதியவரிடம் பணம் வாங்கும் உரிமையாளர்கள் உண்டு. அது தன்னளவில் மோசடியன்று. ஆயினும் நீங்கள் கொடுத்த பணம் பழையவர் கைக்குப் போகாமல் வேறெங்கோ போய்விட்டால், சிக்கல் அங்கிருந்தே தொடங்கும்.

சொத்து வரி இரசீதும் மின் இணைப்பும் மூலப்பத்திரமும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடனோ வைப்புத்தொகையோ பெறுவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. "ரொக்கமாகத்தான் வேண்டும்" என்று அடம்பிடிக்கும் உரிமையாளரைக் கண்டால் விலகிக்கொள்வதே மேல். முழுப் பணமும் சாவியும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கைமாறட்டும்.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில், 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. 11 மாத ஒப்பந்தத்துக்கும் விலக்கில்லை. பலர் இன்னும் இதை அறியவில்லை. இப்பதிவு வேறு, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு இரண்டும் தேவை. பின்னாளில் 'யார் முந்தியவர்' என்ற கேள்வி எழுந்தால், தேதியிட்ட அரசுப் பதிவு ஒன்று கையில் இருப்பது நூறு சாட்சிகளுக்குச் சமம்.

கணவர் ரியாத்திலோ துபாயிலோ இருக்க, இங்கே வீட்டுக்காரருடன் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் மனைவியோ தாயாரோதான். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சியே பலர் வாய் மூடியிருந்துவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் வழக்கும் அவர் பெயரிலேயே நடக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒப்பந்தத்தை இருவர் பெயரிலும் எழுதிக்கொள்வது நல்லது. இல்லையேல் தூதரகத்தின் வழியே மனைவிக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பிவைக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், வட்ட நீதிமன்றங்களிலுள்ள குழுக்களிலும் வெள்ளைத்தாளில் எழுதி மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். உரிமையாளர் பேச்சுக்கு இணங்கினால் மக்கள் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணமின்றிச் சமரசம் செய்துகொள்ளலாம். அங்கே வழங்கப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது; அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. எனவே தவணை முறையில் பணம் தருவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு தவணையின் தேதியையும், தவறினால் என்ன என்பதையும் அத்தீர்விலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.